ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்: வேர்வையா, கூலன்டா?

12 அக்டோபர் 2024, காலை

நேற்று ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவினேன். பானெட்டைத் திறந்து சந்தனம் வைக்கும்போது சும்மா ஆயில் மூடியையும் திருகிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க வெளிர் மஞ்சளில் வெண்ணெய் மாதிரி ஒரு பசை. விரலால் வழித்தால் நுரை நுரையாக வருகிறது. ஃபில்டர் காபியின் நுரை ஆறிப்போய் டம்ளர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த நிறம்.

2013 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக். 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. கூலன்ட் ஆயில்ல கலக்குது. ஹெட்டைக் கழட்டி லேத்துல ஃபேஸ் பண்ணணும். இருபத்தெட்டு ஆகும்.” இருபத்தெட்டு ரூபாய் இல்லை, இருபத்தெட்டாயிரம். (ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே இருக்கும் தகடு. ஆயிலும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டும், எரியும் வாயுவும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது.) வண்டியை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை.

சூடேறவில்லை, புகை இல்லை, இழுவை குறையவில்லை. இந்த வெண்ணெயை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கெட் என்று சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 அக்டோபர், இரவு

டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை, பார்த்தாயா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பார்க்கவில்லை. மூடியைப் பார்த்த அதிர்ச்சியில் அது தோன்றவே இல்லை.

இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். துடைத்துவிட்டு மறுபடி செருகி எடுத்தேன். நுனியில், இரண்டு குறிகளுக்கும் நடுவில், சுத்தமான பழுப்பு நிற ஆயில். பால் கலந்த மாதிரி இல்லை. அளவும் ஏறவில்லை. ஆனால் குச்சியின் மேல் பாதியில், குழாய்க்குள் இருக்கும் பகுதியில், இரண்டு மூன்று சின்ன நீர்த்துளிகள். மறுபடியும் வயிற்றைக் கலக்கியது.

ஒருவர் போனில் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் பட்டது. கூலன்ட் ஆயிலில் கலந்தால் அது இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள் (சம்ப்) இறங்கி, பம்ப் வழியாகச் சுற்றி, மொத்த ஆயிலையும் டீ நிறமாக்கிவிடும். நுனியிலும் தெரியும், மட்டமும் கூடும். ஈரம் மட்டும் என்றால் அது சூடு குறைவான இடம் தேடிப் போய் ஒட்டும். இன்ஜினில் அப்படிப்பட்ட இடங்கள் ஆயில் மூடியும் டிப்ஸ்டிக் குழாயின் மேல் பகுதியும்தான். ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வேர்க்கிறதே, அதே கதை. சொம்பு வேர்த்தால் ஓட்டை என்று யாரும் பற்ற வைக்கக் கொண்டுபோவதில்லை.

13 அக்டோபர்

சொம்புக்கு ஈரம் வெளிக்காற்றிலிருந்து வருகிறது. மூடி போட்ட இன்ஜினுக்குள் எங்கிருந்து வரும் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் பிறக்கிறது. அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். பள்ளிக்கூட வேதியியலை ஒரு தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் நானே நம்பினேன். காலையில் சிக்னலில் நிற்கும்போது முன் வண்டியின் சைலன்சரிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவது இதுதான். அதைப் பார்த்து “வண்டி தண்ணி விடுதே” என்று பயப்பட வேண்டாம்.

முக்கால்வாசிக்கும் மேல் சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் பக்கம் நழுவும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி பி.சி.வி. வால்வு வழியாக மறுபடி உறிஞ்சப்பட்டு எரிந்துவிடும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கி ஆயிலோடு கடைபட்டு வெண்ணெய்.

இனி என் வண்டியின் தினசரி வாழ்க்கை. வேளச்சேரி விஜயநகரிலிருந்து பையனின் பள்ளி இரண்டு கி.மீ. காலையில் போய் வர நான்கு, மாலையில் நான்கு. நான் ஆபீஸுக்குப் பறக்கும் ரயிலில் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க ஒரு நடை. ஆக வண்டி ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் ஓடினாலே அதிகம். கூலன்ட் சூடாவதற்கே அது பத்தாது. ஆயில் அதைவிட மெதுவாகச் சூடாகும். இருபது நிமிடமாவது விடாமல் ஓட வேண்டும் என்கிறார்கள்.

ஆக ஈரம்தான். விஷயம் முடிந்தது. இருபத்தெட்டாயிரம் மிச்சம்.

15 அக்டோபர்

முடியவில்லை.

மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் என்ன செய்வோம் என்று ஊருக்கே தெரியும். 2015 டிசம்பரைப் பார்த்தவர்கள் யாரும் வண்டியைத் தெருவில் விடமாட்டார்கள். நேற்று மாலையே கொண்டுபோய் மேம்பாலத்தில் ஓரம் கட்டினேன். எனக்கு முன்னால் நாற்பது வண்டி, பின்னால் எத்தனை என்று எண்ணவில்லை. பாலத்தில் வண்டி விட்டால் அபராதமா இல்லையா என்று பக்கத்து வண்டிக்காரர் யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்று காலை குடை பிடித்துக்கொண்டு பார்க்கப் போனேன். பொழுது போகாமல் பானெட்டைத் திறந்து எக்ஸ்பான்ஷன் டேங்கை (கூலன்ட் மட்டம் வெளியிலிருந்தே தெரியும் டேங்க்) பார்த்தால், மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த கூலன்ட் இப்போது கீழ்க் கோட்டுக்கே வந்துவிட்டது. ஒரே நாளில் அரை டேங்க் காணோம். தரையில் சொட்டு இல்லை (கொட்டுகிற மழையில் இருந்தாலும் தெரியாது). அப்படியென்றால் உள்ளேதானே போயிருக்க வேண்டும்? மெக்கானிக் சொன்னது சரியோ?

16 அக்டோபர்

திருத்தம். மேலே எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும், படிப்பவர் சிரிக்கட்டும்.

மேம்பாலம் சரிவு. வண்டி மூக்கு மேலே, வால் கீழே. டேங்கும் சாய்ந்துதானே இருக்கும்? வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சமதளத்தில் நிறுத்தி, இரவெல்லாம் ஆறவிட்டு இன்று காலை பார்த்தால் கூலன்ட் பழைய இடத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது.

ஒரு அசட்டுத்தனம் இன்னொன்றைக் காட்டிக்கொடுத்தது. முதலில் நான் பார்த்தது பள்ளிக்குப் போய் வந்த சூட்டில். சூட்டில் கூலன்ட் விரிந்து மட்டம் ஏறும். ஆறினால் இறங்கும். சூட்டில் ஒரு நாளும் ஆறிய பின் ஒரு நாளும் பார்த்தால் வண்டி தினமும் குடித்துக் குடித்துக் கக்குவது போலத்தான் தெரியும். அதனால் இனி ஒரே இடம், ஒரே நேரம், காலை ஆறரை, ஸ்டார்ட் செய்வதற்கு முன். மனைவியின் நகப்பூச்சில் டேங்கின் மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கேட்காமல் எடுத்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிறது, நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்பது அந்த அழுத்தத்தால்தான். திறந்த மறுநொடி முகத்தில் பீய்ச்சும். டேங்க் வெளியிலிருந்தே பார்க்கும்படிதான் இருக்கிறது, திறக்கத் தேவையே இல்லை.

20 அக்டோபர்

ஒருவர் தன் வண்டிக்கு அடியில் இடது பக்கம் குளம் கட்டியிருக்கும் படத்தைப் போட்டு “எனக்கும் கேஸ்கெட்டா?” என்று கேட்டிருக்கிறார். ஐயா, அது ஏ.சி. தண்ணீர். சென்னைக் காற்றிலிருக்கும் ஈரத்துக்கு அரை மணி நேரம் ஏ.சி. போட்டு நின்றால் செருப்பு நனையும் அளவு தண்ணீர் வரும். பெரும்பாலான வண்டிகளில் பக்கத்து சீட்டுக்காரரின் கால் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே சொட்டும். ஏ.சி. போட்டும் சொட்டவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், குழாய் அடைத்து தண்ணீர் உள்ளே கார்ப்பெட்டுக்கு வரும்.

சந்தேகமென்றால் வெள்ளைத் தாளையோ பழைய காலண்டர் அட்டையையோ இரவில் கீழே போட்டு வையுங்கள். ஏ.சி. தண்ணீர் காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது, தூசிக் கறை தவிர. கூலன்ட் நிறம் விடும், காய்ந்த பின் ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒரு பொருக்கு நிற்கும். விரலில் தொட்டால் வழவழ. தண்ணீர் அப்படி வழுக்காது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம், ரோஸ் என்று ஆளுக்கொரு நிறத்தில் விற்கிறார்கள். வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்த வண்டியில் நிறமே இருக்காது, துரு நிறம்தான் இருக்கும்.

நாக்கில் வைத்துப் பார் என்று ஒருவர் சொல்லியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அதிலிருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தெருநாய், பூனை நக்கினால் செத்துவிடும். கூலன்ட் கீழே கொட்டினால் தண்ணீர் ஊற்றி நன்றாக அலசிவிடுங்கள், குட்டையாக விடாதீர்கள்.

ஏ.சி. தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டருக்கே ஊற்றலாமா என்பது அடுத்த கேள்வி. எங்கள் வீட்டில் ஸ்ப்ளிட் ஏ.சி. தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி துவைத்திருக்கிறோம், 2019 கோடையில் வேறு வழி இல்லை. போர்வெல் தண்ணீரை ஊற்றுவதைவிட அது எவ்வளவோ மேல், உப்புப் படியாது. ஆனால் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த மருந்து நீர்த்துப்போகும். நடுவழியில் அவசரத்துக்குச் சரி.

27 அக்டோபர்

மூடியைத் துணியால் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, ஈரத்தைப் போக்க ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் வரை ஓட்டினேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். திரும்பி வந்து பார்த்தால் மூடி பளிச்சென்று இருக்கிறது. ஈரம்தான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். கூலன்ட் கசிந்திருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் கூடத்தானே செய்திருக்கும்?

ஆனால் ஒன்று உறுத்துகிறது. தம்பியின் ஓ.பி.டி. கருவியை (வண்டியின் கம்ப்யூட்டர் தரும் அளவுகளைப் படிப்பது) செருகி போனில் கூலன்ட் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். திருவான்மியூர் நெரிசலில் 80ஐத் தொட்டது. கோவளம் தாண்டி 80 கி.மீ. வேகத்தில் போனபோது இறங்கி இறங்கி 64க்கு வந்துவிட்டது. வேகமாகப் போனால் இன்ஜின் குளிர்கிறது! மனைவி “நல்ல வண்டி, நம்மளை மாதிரி டென்ஷன் ஆகல” என்றாள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

29 அக்டோபர்

இரண்டே நாள் பள்ளி ஓட்டம். வெண்ணெய் மறுபடி வந்துவிட்டது. மெல்லிய படலம்தான், ஆனால் வந்துவிட்டது.

“தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று முதலில் பார்” என்று ஒருவர் ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இருக்கிறதா என்றால் என்ன அர்த்தம்? இல்லாமல் வண்டி ஓடுமா?

3 நவம்பர்

ஓடும். என் வண்டியே இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது.

தீபாவளி முடிந்து, அம்பத்தூரில் நண்பர் சொன்ன இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். வெப்பக் கணக்கைச் சொன்னதும் ஒரு போல்ட்டைக் கழற்றினார், இன்னொன்றைக் கழற்றினார், தெர்மோஸ்டாட் வீட்டைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். “உள்ள பாருங்க.” எட்டிப் பார்த்தேன். காலி. வீடு இருக்கிறது, குடித்தனம் இல்லை. “யாரோ எடுத்துப் போட்டுட்டாங்க தம்பி. நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குன்னு.”

தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு வைத்த ஒரு சின்ன வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். புதிதாக வாங்கியதில் 82 என்று பொறித்திருக்கிறது. அந்த வெப்பத்துக்கு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். பழசாகி மூடியபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதித்துவிடும். அந்தப் பயத்தில் நம் ஊரில் பலர் புதுசு போடாமல் பழசைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். ஊர் வெயில் 40 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு வேண்டியது அதில் இரண்டு பங்குக்கு மேல். 40ஐப் பார்த்து அதற்கு இந்தச் சூடே போதும் என்று நினைப்பது நம் உடம்பை வைத்து இன்ஜினை அளப்பது.

வால்வு இல்லாததால் முதல் நிமிடத்திலிருந்தே முழு ரேடியேட்டரும் வேலை செய்கிறது. பத்து நிமிட ஓட்டத்தில் இன்ஜின் சூடாக வழியே இல்லை. சூடு ஏறாததால் கம்ப்யூட்டர் இன்னும் காலைக் குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். மைலேஜ் பதினொன்றரையே தருகிறதே என்று இரண்டு வருடமாக மனைவியின் கிளட்ச் காலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மன்னிப்பை இங்கே எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுதிவிட்டேன்.

பொருள் ஜி.பி. ரோட்டில் கிடைத்தது, தொள்ளாயிரம் ரூபாய். ஆயிலும் மாற்றியாகிவிட்டது. பழைய ஆயிலை ஒரு தட்டில் பிடித்து வைத்து அடியில் தண்ணீர் தங்குகிறதா என்று அவர் பார்த்தார். இல்லை. பிறகு ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டார். கடுகு தாளிக்கிற மாதிரி லேசாகப் பொரிந்தது. ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அது எந்த ஈரம் என்பதை அந்தச் சத்தம் சொல்லாது என்று அவரே சேர்த்துச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மெக்கானிக்!

12 நவம்பர்

நகப்பூச்சுக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே கூலன்ட். சமதளம், காலை ஆறரை, ஆறிய இன்ஜின். இந்த முறை மேம்பாலம் இல்லை, சரிவு இல்லை, சாக்கு இல்லை.

தரையில் அட்டை போட்டேன். காலையில் காய்ந்தபடியே இருக்கிறது. மூடிக்கு அடியில் வெண்ணெயும் இல்லை. டிப்ஸ்டிக் சுத்தம். எங்கேதான் போகிறது?

14 நவம்பர்

இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மூடி சுத்தமாக இருக்கும்போது கூலன்ட் குறைகிறது, மூடி அசிங்கமாக இருந்தபோது குறையவில்லை. முதல் மெக்கானிக் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ.

மஞ்சள் தூள் போடச் சொல்லி இரண்டு பேர். லாரிக்காரர்கள் செய்வதுதான், ரேடியேட்டரில் ஊசி ஓட்டை இருந்தால் தூள் போய் அடைக்கும். ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு மற்ற நுண்குழாய்களை அடைக்காதே என்று மஞ்சளுக்கு யார் சொல்வது? சாம்பாரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

17 நவம்பர்

கண்டுபிடித்தாயிற்று. கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், நான் எங்கே தப்பாக யோசித்தேன் என்பதும் இதில் இருக்கிறது.

நேற்று அம்பத்தூர் அண்ணனிடமே போனேன். போகும் வழியில் பாடி சிக்னலில் நிற்கும்போது ஏ.சி.யிலிருந்து ஒரு வாசனை. வெல்லப் பாகு காய்ச்சும்போது லேசாக அடிபிடித்தால் வருமே, அது. ஐந்து நொடிகூட இல்லை. நகர்ந்ததும் போய்விட்டது. போன வாரமும் வந்தது. பக்கத்துக் கடையில் கடலை மிட்டாய் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் டேங்க் மூடிக்குப் பதிலாக ஒரு மூடியைப் பொருத்தி, அதிலிருந்து வரும் குழாயில் சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றை வைத்து அடித்தார். மீட்டர் ஒரு பார் அளவைத் தொட்டதும் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் முள் நன்றாக இறங்கியிருந்தது. டார்ச்சோடு குனிந்தவர் கீழ் ஹோஸைக் காட்டினார். கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில், ரப்பர் விளிம்பில், வெளிர் பச்சையில் ஒரு பொருக்கு, பூரான் அகலம். அதன் மேல் ஒரே ஒரு துளி, ஊசி முனை அளவு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருத்தது. விழவில்லை. பருத்து, அப்படியே கீழ்ப்பக்கமாக வழிந்து பரவிவிட்டது.

இதுதான் விஷயம். சூடாக ஓடும்போது அந்தத் துளி இன்ஜின் இரும்பில் பட்டு அங்கேயே காய்ந்துவிடுகிறது. வண்டியை நிறுத்தி ஆறியதும் அழுத்தம் குறைந்து கசிவு நின்றுவிடுகிறது. இரவில் நான் போட்ட அட்டைக்கு வர ஒன்றுமே மிச்சமில்லை. தரையில் சொட்டு இல்லாததால் வெளியே கசியவில்லை, ஆகவே உள்ளேதான் போகிறது என்று தீர்ப்பெழுதியது என் அவசரம்.

இத்தனை நாள் கசியாதது இப்போது ஏன்? தெர்மோஸ்டாட் போட்ட பிறகுதான் இன்ஜின் முறையான சூட்டுக்கு வருகிறது. முறையான சூடு வந்தால் முறையான அழுத்தமும் வரும். பத்து வருடத்து ஹோஸ் இதுவரை அரைச் சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. முழு வேலை கொடுத்ததும் கையை விரித்துவிட்டது.

ஹோஸும் கிளாம்பும் மாற்றி, மறுபடி அழுத்தம் அடித்துக் கால் மணி நேரம் விட்டுப் பார்த்தோம். முள் அசையவில்லை. கையோடு கேஸ்கெட்டுக்கான நீலத் திரவச் சோதனையையும் செய்யச் சொன்னேன். டேங்க் வாயில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் நீலத் திரவம், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஹெட் கேஸ்கெட் உடைந்திருந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்து குமிழிவிடும். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கிவிடும். பத்து நிமிடம் நின்று பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. அக்டோபரிலேயே இதைச் செய்திருந்தால் பாதி இழையை நீங்கள் படிக்க வேண்டியிருந்திருக்காது.

18 நவம்பர்

ஒரு சின்னத் திருத்தம். நீலம் மாறவில்லை என்றால் கேஸ்கெட் நூற்றுக்கு நூறு நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லையாம். எரியும் அறைக்கும் கூலன்டுக்கும் நடுவே ஓட்டை இருந்தால்தான் அது காட்டும். ஆயில் வழிக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவே மட்டும் கிழிந்திருந்தால் வாயு வராது, நிறம் மாறாது. அதற்கு டிப்ஸ்டிக்தான் சாட்சி. என் வண்டியில் இரண்டுமே சுத்தம் என்பதால் நிம்மதி.

1 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல். நேற்றெல்லாம் மழை, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். வண்டி மறுபடியும் மேம்பாலத்தில். இந்த முறை பானெட்டைத் திறக்கவே இல்லை. எனக்கே என்னைத் தெரியும்.

ஆனால் பள்ளிக்கரணையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது அவசரம் என்பதால் இப்போதே எழுதுகிறேன். வண்டி சீட் வரை தண்ணீரில் நின்றிருக்கிறது, டிப்ஸ்டிக்கில் பால் நிறம். இது வேர்வையும் இல்லை, கூலன்டும் இல்லை, வெள்ளம். ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை “ஆன்” வரைக்கும்கூடத் திருப்ப வேண்டாம், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தள்ளும் தண்டு (கனெக்டிங் ராட்) வளைந்துவிடும். 2015இல் எங்கள் குடியிருப்பில் ஆறு வண்டி முழுகியது. தண்ணீர் வடிந்த அன்றே “ஓடுதான்னு பார்ப்போம்” என்று செல்ஃப் அடித்தவர் ஒருவர். கயிறு கட்டி இழுத்துப்போய், ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றித் துடைத்த பிறகு ஸ்டார்ட் செய்தவர்கள் மற்றவர்கள். யாருக்கு இன்ஜின் செலவு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

8 டிசம்பர்

வெள்ளைப் புகை பற்றி. ஏற்காட்டில் காலையில் ஸ்டார்ட் செய்தால் எல்லா வண்டியும் வெள்ளையாக ஊதும். அது வெறும் ஆவி, சைலன்சரிலிருந்து ஓரிரு அடி தள்ளியே கரைந்துவிடும், வண்டி சூடானதும் நின்றுவிடும். சென்னை அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. மார்கழி விடியலில் லேசாக வந்தால் விட்டுவிடலாம். நடுப்பகல் வெயிலில், சூடான இன்ஜினில், தெருவில் மிதந்து நிற்கிற மாதிரி வெள்ளைப் புகையும் அந்தப் பாகு வாசனையும் வந்தால் மட்டும் நேரே நிறுத்திவிடுங்கள். கூலன்ட் எரிகிறது.

22 டிசம்பர்

டீசல் வைத்திருக்கும் என் மைத்துனருக்குக் கூலன்ட் குறைகிறது. ஆயில் சுத்தம், ஹோஸ் காய்ந்திருக்கிறது, பிரஷர் டெஸ்டில் முள் மெதுவாக இறங்குகிறது. டீசலில் ஈ.ஜி.ஆர். கூலர் என்று ஒன்று உண்டு, புகையைக் கூலன்டால் குளிரவைப்பது. அது உள்ளே கிழிந்தால் கூலன்ட் புகையோடு கலந்து சத்தமில்லாமல் வெளியேறும். அவர் வண்டியில் அதுதான். “உன் வண்டி வெண்ணெய், என் வண்டி நெய்” என்கிறார். வெண்ணெய் கண்ணில் படும், நெய் உருகித் தெரியாமல் போய்விடுமாம். ஜோக் அவருடையது, பொறுப்பு எனக்கில்லை.

12 ஜனவரி 2025

கேட்டுக்கொண்டே இருப்பதால் நிலவரம். இரண்டு மாதமாகக் கூலன்ட் நகப்பூச்சுக் கோட்டிலேயே நிற்கிறது. ஈ.சி.ஆரில் 80 கி.மீ. வேகத்தில் 87, 88 டிகிரி. மைலேஜ் பதின்மூன்றரை. ஆயில் மூடியில், மழை நாட்களில், ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு வருகிறது. பள்ளி ஓட்டம் இரண்டு கி.மீ. இருக்கும்வரை அது வரத்தான் செய்யும். ஞாயிறு மீனுக்குப் பக்கத்து மார்க்கெட்டை விட்டுக் காசிமேடு போகத் தொடங்கியிருக்கிறோம். வண்டிக்கு நல்ல ஓட்டம், வஞ்சிரமும் விலை குறைவு.

பழைய ஹோஸ் பால்கனியில் கிடக்கிறது. போகிக்குப் பழசையெல்லாம் தூக்கிப் போடு என்கிறாள் மனைவி. ரப்பரை எரிக்கக் கூடாது, குப்பை வண்டியில்தான் போட வேண்டும். பையன் விடமாட்டேன் என்கிறான். அவனுக்கு அது யானைத் தும்பிக்கை.